வாட்டம் பார்த்து வைத்த கல்

அப்பா அமெரிக்காவில் எங்களோடு தங்க வந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. முதல் இரண்டு வாரம் எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார். மூன்றாவது வாரத்தில் ஜன்னலோர நாற்காலி அவருடையதாகிவிட்டது. ஐந்தாவது வாரம் முகத்தில் வாட்டம் தெரிய ஆரம்பித்தது. சாப்பிட்டீங்களாப்பா என்றால் சாப்பிட்டேன் கண்ணு. தூக்கம் வந்துச்சாப்பா என்றால் வந்துச்சு கண்ணு. அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அப்பா கல்கட்டு மேஸ்திரி. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த ஒரே வேலை. ஏற்காட்டு மலைச்சாலையிலும் கொல்லிமலையின் கொண்டை ஊசி வளைவுகளிலும் மண் சரியாமல் இருக்கத் தாங்குசுவர் கட்டிய ஆட்களில் ஒருவர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வருவார். அவர் வராத மாதத்திலும் மணியார்டர் வந்துவிடும். வேலையைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. அவர் கட்டிய சுவர் ஒன்றைக்கூட நான் நின்று பார்த்ததில்லை என்பது எனக்கு இந்த வயதில்தான் உறைத்தது.

ஒரு நாள் சாயங்காலம் வேலை முடித்துப் பின்பக்கம் போனால், வாசல் படியில் வெகு நாளாக ஆடிக்கொண்டிருந்த இரண்டு கற்களைப் பெயர்த்து, அடியில் மண்ணைக் கொத்தி, சல்லியைப் பரப்பி, மறுபடி பொருத்தி வைத்திருந்தார். மேலே ஏறி நின்று அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. "ஆடிட்டே இருந்துச்சு" என்றார். அன்றைக்கு அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. அன்று இரவு பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தபோது முன்பு போயிருந்த வாட்கின்ஸ் கிளென் பள்ளத்தாக்கின் படங்கள் வந்தன. அருவிகளை மட்டும் பார்த்து எடுத்த படங்கள். ஆனால் ஒவ்வொரு படத்திலும், நான் கவனிக்காமலே, கீழ் ஓரத்தில் கல்சுவர் இருந்தது.

அடுத்த புதன்கிழமை விடுப்பு எடுத்தேன்.

வாட்கின்ஸ் கிளென், நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியில், செனகா ஏரியின் தெற்கு முனையில் இருக்கிறது. விரல்களை விரித்து வைத்தாற்போல் வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் பதினோரு ஏரிகளில் செனகாதான் ஆழமானது, 600 அடிக்கும் மேல். அந்த ஏரியை நோக்கி இறங்கும் ஒரு சின்ன ஓடை, கிளென் க்ரீக், மலையை அறுத்து உண்டாக்கிய பிளவுதான் இந்தப் பள்ளத்தாக்கு. 2 மைலுக்குள் 400 அடி இறங்குகிறது. போகிற வழியில் 19 அருவிகள். இரண்டு பக்கமும் 200 அடி வரை நிற்கும் பாறைச்சுவர்கள். அந்தப் பிளவுக்குள்ளேயே, தண்ணீருக்குப் பக்கத்திலேயே, ஒன்றரை மைல் நடக்கலாம். ஏற மொத்தம் 832 கல்படிகள்.

நாங்கள் இருக்கும் பிங்கம்டனிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பயணம். ஏழு மணிக்குக் கிளம்பினோம். முந்தின இரண்டு நாளும் மழை பெய்திருந்ததால் ஓடையில் தண்ணீர் இருக்கும் என்று நிச்சயமாகத் தெரியும். செப்டம்பரில் இந்த ஓடையை நம்ப முடியாது. நல்ல மழை இல்லாவிட்டால் அருவிகள் நூலாக இளைத்துவிடும்.

எல்மைரா தாண்டியதும் ஹார்ஸ்ஹெட்ஸ் என்ற ஊர் வரும். பெயர்ப்பலகையைக் காட்டி அப்பாவுக்கு அர்த்தம் சொன்னேன். 1779இல் ஜெனரல் சல்லிவனின் படை இந்த வழியாக வந்தது. இங்கே குடியிருந்த ஹோடெனொஷோனி மக்களின் ஊர்களையும் வயல்களையும் எரித்துப்போடச் சொல்லி ஜார்ஜ் வாஷிங்டன் அனுப்பிய படை. ஓய்ந்துபோன சுமைக்குதிரைகளை இந்த இடத்தில் கொன்றுவிட்டுப் போனார்கள். அந்த மண்டையோடுகள்தான் ஊருக்குப் பெயராக நின்றுவிட்டன. அப்பா ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

அங்கிருந்து 14ஆம் எண் சாலை. நடுவில் மாண்டூர் ஃபால்ஸ். தெருவின் கடைசி வீட்டைத் தாண்டினால் நேராக ஓர் அருவி. ஷெக்வாகா, 156 அடி. ஊருக்குள் காரில் போகும்போதே, தெரு முடிகிற இடத்தில் கோயில் கோபுரம் தெரிவதுபோல் அருவி தெரியும். கேத்தரின் மாண்டூர் என்ற பெண் தலைமை தாங்கிய, செனகா இன மக்களின் ஊர் ஒன்று இந்தப் பக்கத்தில் இருந்தது. சல்லிவனின் படை அதையும் எரித்தது. ஊர் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கியிருக்கிறது. இந்தப் பக்கம் யார் வந்தாலும் இங்கே பத்து நிமிஷம் நிறுத்துங்கள் என்பேன். பத்து நிமிஷத்துக்கு மேல் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை.

வாட்கின்ஸ் கிளெனில் ஃபிராங்க்ளின் தெருவை ஒட்டியே பூங்காவின் முக்கிய வாசல் இருக்கிறது. கட்டணம் வண்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். வாரக் கடைசியென்றால் அதற்கும் முன்னால். பதினொரு மணிக்குமேல் பாதையில் வரிசையாகத்தான் நகர முடியும், நின்று பார்க்க இடம் கிடைக்காது. நாய்களைப் பள்ளத்தாக்குப் பாதையில் விடுவதில்லை. ஓடையில் இறங்கக் கூடாது. பாதை எந்நேரமும் ஈரமாக இருப்பதால் ரப்பர் அடி உள்ள ஷூ வேண்டும். அப்பாவுக்குச் செருப்புதான் பழக்கம். அவருக்காக வாங்கிய ஷூவை இரண்டு வாரம் வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கவைத்துப் பழக்கியிருந்தேன்.

உள்ளே போனதும் முதலில் ஒரு குகைவழி. பாறையைக் கையால் குடைந்து உண்டாக்கியது. அதற்குள் படியேறி மறுபக்கம் வந்தால் சென்ட்ரி பிரிட்ஜ் என்ற சின்னப் பாலம். அதன்மேல் நிற்கும்போதுதான் முதல் தடவையாகப் பள்ளத்தாக்கு உள்ளே திறக்கிறது. தெருவின் இரைச்சல் நின்றுபோய்த் தண்ணீரின் சத்தம் மட்டும். வெயில் காலத்திலும் இங்கே குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். எனக்கு முன்னால் நின்ற எல்லோரும் அருவிப் பக்கம் திரும்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவைத் தேடினேன். பாலத்தைத் தாண்டிப் போய், பாதையோரக் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

"கண்ணு, இங்க வா."

போனேன்.

"இது எங்க முடியுது, சொல்லு."

அவர் விரல் வைத்த இடத்தைப் பார்த்தேன். சாம்பல் நிறக் கல், அடுக்கடுக்காக. பாதையின் உள்பக்கப் பாறையும் அதே சாம்பல், அதே அடுக்கு. சுவர் பாறையில் போய் முட்டுகிற இடம் எது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. விரலை ஓட்டிப் பார்த்த பிறகுதான் ஓர் இடத்தில் கலவை தட்டுப்பட்டது. அதற்கு இந்தப் பக்கம் மனிதன் கட்டியது, அந்தப் பக்கம் மலை.

"அதே மலைக் கல்லு. வெளியிலிருந்து கொண்டாரல" என்றார் அப்பா. "அது மட்டுமில்ல. மலையில அடுக்கு எப்படிப் படுத்திருக்குதோ, இவனும் கல்லை அப்படியே படுக்கப்போட்டு வெச்சிருக்கான். நிக்கவெச்ச கல்லு ஒண்ணுகூட இல்ல பாரு."

இதற்கு முன் இரண்டு தடவை இங்கே வந்திருக்கிறேன். அந்தச் சுவரில் கை ஊன்றி நின்றுதான் அத்தனை படமும் எடுத்தேன். கைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்கவில்லை.

இந்தப் பாதைக்கு ஒரு கதை உண்டு. 1863இல் மார்வால்டன் எல்ஸ் என்ற பத்திரிகைக்காரர் இந்தப் பள்ளத்தாக்கைக் காசு வாங்கிக்கொண்டு காட்டும் சுற்றுலாத் தலமாகத் திறந்தார். 1906இல் நியூயார்க் மாநிலம் இதை வாங்கிப் பொதுவாக்கியது. பிறகு 1935 ஜூலையில் பெருமழை. இந்தப் பகுதி முழுக்க வெள்ளம். பள்ளத்தாக்குக்குள் வந்த தண்ணீர் அதுவரை இருந்த பாதைகளையும் பாலங்களையும் அடித்துக்கொண்டு போனது. இன்று நாம் நடக்கிற கல்பாதையின் பெரும்பகுதி அதற்குப் பிறகு கட்டப்பட்டது. கட்டியவர்கள் சிவிலியன் கன்சர்வேஷன் கோர், சுருக்கமாக சி.சி.சி., என்ற திட்டத்தில் சேர்ந்த இளைஞர்கள்.

அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் உச்சத்தில் இருந்த காலம் அது. 1933இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 18 வயதிலிருந்து 25 வயது வரையிலான, வேலை கிடைக்காத, கல்யாணமாகாத பையன்களை முகாம்களில் தங்கவைத்து மரம் நடவும் பாதை போடவும் அணை கட்டவும் அனுப்பினார்கள். 1942இல் திட்டம் நிற்கும்வரை சுமார் 30 லட்சம் பேர் அதில் வேலை பார்த்தார்கள். மாதம் 30 டாலர் கூலி.

இதையெல்லாம் நடந்துகொண்டே அப்பாவுக்குச் சொன்னேன். "பதினெட்டு வயசா?" என்று மட்டும் கேட்டார். அவர் சித்தாளாகச் சேர்ந்தபோது அதைவிடச் சின்ன வயது.

சென்ட்ரி பிரிட்ஜிலிருந்து படியேறினால் கேவர்ன் கேஸ்கேட். இந்த அருவியின் முதுகுப்பக்கமாகப் பாதை போகிறது. நமக்கும் பள்ளத்துக்கும் நடுவில் தண்ணீர் திரைபோல் இறங்குகிறது. அருவிக்குப் பின்னால் இப்படி இடம் உண்டாவது எப்படி என்று தெரிந்துகொண்டால் இந்த முழுப் பள்ளத்தாக்கும் புரிந்துவிடும். இங்கே இருப்பது ஷேல் என்ற மெல்லடுக்குக் களிப்பாறையும் மணற்பாறையும், ஒன்றின்மேல் ஒன்று. களிப்பாறை மென்மையானது, சீக்கிரம் கரையும். மணற்பாறை வலுவானது. தண்ணீர் விழுந்து தெறிக்கத் தெறிக்க அடியில் இருக்கும் மென்மையான அடுக்கு உள்வாங்கிப் போகிறது. மேலே வலுவான அடுக்கு கூரைபோல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. தாங்க முடியாமல் ஒரு நாள் உடைந்து விழுகிறது. அருவி ஓரடி பின்னால் போகிறது. இப்படியே அருவிகள் எல்லாம் மலைக்குள் பின்வாங்கிக்கொண்டிருக்கின்றன.

"அடியில கடைக்கால் கரைஞ்சா மேல என்னதான் நிக்கும்" என்றார் அப்பா.

இது தொடங்கி 12,000 வருஷம் ஆகிறது. அதற்கு முன் இந்தப் பகுதி பனிப்பாறைக்கு அடியில் கிடந்தது. வடக்கிலிருந்து நகர்ந்த பனி, செனகா ஏரி கிடக்கும் பள்ளத்தை ஆழமாகத் தோண்டிவிட்டுப் பின்வாங்கியது. பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த சின்ன ஓடைகளின் பள்ளங்கள் அந்த அளவுக்கு ஆழப்படவில்லை. அதனால் அவை உயரத்தில் தொங்கி நின்றுவிட்டன. மேலேயிருந்து கீழே ஏரிக்கு வந்து சேர ஓடைக்கு இருந்த ஒரே வழி பாறையை அறுப்பது. 12,000 வருஷம் என்பது பாறையின் கணக்கில் நேற்று. அந்தப் பாறையே சுமார் 38 கோடி வருஷங்களுக்கு முன் கடலடியில் படிந்த சேறும் மணலும்.

அருவியைத் தாண்டினால் பாறைக்குள் சுற்றிச் சுற்றி ஏறும் இன்னொரு குகைவழி. வெளியே வந்தால் தலைக்குமேல் தொங்குபாலம், ஓடையிலிருந்து 85 அடி உயரத்தில். 1935 வெள்ளத்தின்போது தண்ணீர் அந்தப் பாலத்துக்கு 5 அடி கீழே வரை எழுந்ததாகப் பூங்காவின் வழிகாட்டியில் இருக்கிறது. அப்பாவிடம் சொன்னதும் நின்றுவிட்டார். அண்ணாந்து பாலத்தைப் பார்த்தார். குனிந்து, முழங்கால் அளவு தண்ணீர் ஓடுகிற ஓடையைப் பார்த்தார். மறுபடி மேலே பார்த்தார். தண்ணீரின் பலத்தைத் தெரிந்தவர் அப்படித்தான் பார்ப்பார் என்று நினைத்துக்கொண்டேன். கொல்லிமலையில் ஒரே ராத்திரி மழையில் அவர் கட்டிமுடித்த முப்பதடிச் சுவர் போனதை அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னார்.

"சுவர் மேல தப்பில்ல கண்ணு. சுவருக்குப் பின்னால தண்ணி தேங்கிருச்சு. வெளிய போறதுக்கு நாங்க விட்ட ஓட்டை பத்தல. சுவரைத் தள்றது மண்ணில்ல, மண்ணு குடிச்ச தண்ணி."

அதற்குப் பிறகு அவர் எந்த இடத்தில் குனிந்தாலும் எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. கைப்பிடிச் சுவரின் அடியில் சில எட்டுக்கு ஒரு தடவை ஒரு கல்லை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். பாதையில் வடியும் தண்ணீர் அந்தச் சந்து வழியாகப் பள்ளத்தில் விழுகிறது. ஒரு சந்தில் கையை விட்டுப் பார்த்தார். உள்ளே பாசி மெத்தையாக வளர்ந்திருந்தது. தண்ணீர் அதன்மேல் ஒரே சீராக, சத்தமில்லாமல், போய்க்கொண்டிருந்தது. பிறகு பாதையிலேயே குந்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தரையோடு தரையாகப் பார்த்தார். என்னையும் அப்படிப் பார்க்கச் சொன்னார். நடக்கும்போது காலுக்குத் தெரியாத அளவுக்குத் தளம் பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"வாட்டம். மட்டம் வெச்சுப் பாத்தாத்தான் தெரியும். பாறையிலிருந்து சொட்டுற தண்ணி பாதையில நிக்காம அந்தச் சந்துக்குப் போகணும். கூட வாட்டம் குடுத்தா ஆள் வழுக்கி விழுவான். குறைச்சா தண்ணி நிக்கும், பனிக் காலத்துல உறைஞ்சு கல்லைப் பேத்துரும். இது நல்லா வேலை தெரிஞ்ச ஆளு பக்கத்துல நின்னு செய்யவெச்சது."

குளிர்காலம் இந்தப் பாதைக்கு உண்மையிலேயே பெரிய எதிரி. பாறை இடுக்குகளில் புகுந்த தண்ணீர் உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கும். அதனால் இலையுதிர் காலத்தின் கடைசியில் பள்ளத்தாக்குப் பாதையை மூடிவிட்டு மே மாதத்தில்தான் திறக்கிறார்கள். திறப்பதற்கு முன் ஆட்கள் சுவர்களில் கயிறு கட்டி இறங்கி, தளர்ந்துபோன பாறைகளைத் தட்டிக் கீழே தள்ளுவார்கள். மேலே விளிம்பில் போகும் இரண்டு பாதைகள், தெற்கு விளிம்புப் பாதையும் வடக்குப் பக்கத்து இண்டியன் டிரெயிலும், தனியாக இருக்கின்றன. ஏற முடியாதவர்கள், கூட்டம் பிடிக்காதவர்கள் அவற்றில் போகலாம். ஆனால் அருவிகளைப் பக்கத்தில் பார்க்க முடியாது.

தொங்குபாலத்துக்கு அப்பால் பள்ளத்தாக்கு மிகவும் ஒடுங்குகிறது. நேரோஸ் என்று அந்த இடத்துக்குப் பெயர். வெயில் உள்ளே வருவதில்லை. இரண்டு பக்கமும் பாசியும் பெரணிகளும். பாறையெங்கும் ஈரம் வேர்த்து நிற்கிறது. பத்தடி தள்ளிப் போனால் திடீரென்று விரிந்து வெளிச்சம் கொட்டுகிறது. அந்த இடம் கதீட்ரல். ஈரத்தை விரும்பும் செடிகள் போய் வேறு செடிகள் வந்துவிடுகின்றன. ஒரே ஓடை, சில எட்டுக்குள் வேறொரு காடு.

கதீட்ரலில் நான் அப்பாவுக்குக் காட்ட நினைத்த ஒரு விஷயம் இருந்தது. அங்கே ஓடையின் அடியில் அகலமான பாறைப் பலகைகளில் சிற்றலைத் தடங்கள் இருக்கின்றன. கடற்கரையில் அலை வடிந்த பிறகு மணலில் வரி வரியாக நிற்குமே, அதேதான், கல்லாகி. அந்தப் பழைய கடலில் ஏதோ ஒரு நாள் தண்ணீர் அசைந்த அசைவு அப்படியே உறைந்திருக்கிறது. சுவருக்கு மேலிருந்து காட்டினேன். அப்பா ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப இதுவும் கட்டினதுதான். கலவை இல்லாம கட்டினது" என்றார். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "எத்தனை வருஷம்னு சொன்னே?"

"முப்பத்தெட்டுக் கோடிப்பா."

தலையை மட்டும் ஆட்டினார்.

அங்கிருந்து சென்ட்ரல் கேஸ்கேட், இந்தப் பள்ளத்தாக்கிலேயே உயரமான அருவி, 60 அடிக்கும் மேல். முந்தின இரண்டு நாள் மழையில் முழு வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே ஒரு பாலம். பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் அருவி விழுவதும், மறுபக்கம் கிளென் ஆஃப் பூல்ஸ் என்று சொல்லப்படும் குழிகளும் தெரியும். வட்ட வட்டமாக, யாரோ கடைந்தெடுத்தது போன்ற குழிகள், உள்ளே பச்சைத் தண்ணீர். சுழலில் சிக்கிய கற்கள் சுற்றிச் சுற்றிப் பாறையை அரைத்து உண்டாக்கியவை. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுகிற அதே வேலை. அந்தக் குழிகளிலிருந்து தண்ணீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருபது நிமிஷமாவது நின்றிருப்போம். எத்தனையோ பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். என் முதல் இரண்டு பயணத்திலும் நான் அப்படித் தாண்டிப்போனவள்தான். ஒரு மணி நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று சொல்லிக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்குக்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்லத் தோன்றுகிறது.

ரெயின்போ ஃபால்ஸ் எல்லோரும் படத்தில் பார்த்திருக்கக்கூடிய இடம். தெற்கு விளிம்பிலிருந்து ஒரு மெல்லிய நீரோடை பாறைமுகம் முழுக்கப் பரவி, பாதைக்கு மேலாகவே விழுகிறது. அதற்குப் பின்னால் நடக்க வேண்டும். கீழே ஓடை மூன்று படியாக இறங்குகிறது. அதற்கும் மேலே வளைந்த ஒரு கல்பாலம். சாயங்கால வெயில் சரியான கோணத்தில் வரும்போது இங்கே வானவில் விழும் என்பார்கள். நாங்கள் போனபோது நண்பகல். அப்பா முதலில் பாலத்தைப் பார்த்தார். வளைவின் அடியில் கற்கள் எப்படிக் குறுகலான முனை கீழே இருக்கும்படி இறுகப் பொருந்தியிருக்கின்றன என்று கையால் காற்றில் வரைந்து காட்டினார். அதற்குப் பிறகுதான் அருவிக்குள் நடந்தார். தண்ணீர் தலையில் சொட்டியது. துண்டை எடுத்துப் போர்த்திக்கொள்ளச் சொன்னேன். வேண்டாம் என்றார். முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அந்தப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவர் அந்த இடத்தைக் கண்டுபிடித்தது. உள்பக்கத் தடுப்புச் சுவரில், இடுப்பு உயரத்தில். அதுவரை ஒவ்வொரு வரிசைக் கல்லும் கீழ்வரிசையின் மூட்டை மூடி உட்கார்ந்திருந்தது. அந்த ஓர் இடத்தில் மட்டும் மூன்று வரிசைக்கு மூட்டு நேர்கோட்டில் இறங்கியது. இடுக்கில் சின்னச் சின்னக் கல்துண்டுகளை வைத்து அடைத்திருந்தார்கள். அப்பா அதைக் கட்டைவிரலால் தடவினார். பிழை கண்டுபிடித்த முகம் இல்லை அது.

"புதுப் பையன். இது அவனுக்கு முதல் சுவரா இருக்கும். மேஸ்திரி அந்தப் பக்கம் போயிருந்தப்ப வெச்சிருக்கான். வந்து பாத்துட்டு, பிரிக்கச் சொல்லாம, சில்லு வெச்சு இறுக்கச் சொல்லியிருக்கான்." கொஞ்ச நேரம் கழித்து, "நல்ல மேஸ்திரி" என்றார்.

அவர் சொன்னது நடந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சுவர் அங்கேயே நிற்கிறது, மூட்டு விழுந்த இடத்தோடு.

மைல் பாயின்ட் பிரிட்ஜ் வந்ததும் அப்பாவுக்கு முட்டி வலிக்க ஆரம்பித்தது. அங்கிருந்து மேல் வாசலுக்குப் போகும் ஜேக்கப்ஸ் லேடர் 180 படிகள் ஒரே ஏற்றம். திரும்பிவிடலாம் என்று நான் சொன்னேன். மேலே அருவி ஏதும் இல்லை, வெறும் படிகளும் வாகன நிறுத்தமும்தான். அவர் படிகளைப் பார்த்தார். "அவன் இவ்வளவு தூரம் கல்லைத் தூக்கியாந்து போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டு ஏறினார். இருபது படிக்கு ஒரு தடவை நின்றார். நின்ற இடத்திலெல்லாம் படியின் நடுப்பகுதி காலடி பட்டுத் தேய்ந்து லேசாகக் குழிந்திருப்பதைக் காட்டினார். அந்தக் குழிவில் மழைத்தண்ணீர் தேங்கி, மேலே நிற்கும் ஹெம்லாக் மரங்களைக் காட்டிக்கொண்டிருந்தது. மேலே போனதும் மூச்சு வாங்க உட்கார்ந்து, பையிலிருந்த ஆப்பிளை ஆளுக்குப் பாதியாகத் தின்றோம்.

இறங்குவது ஏறுவதைவிட முட்டிக்குக் கஷ்டம். அதனால் திரும்பும்போது இண்டியன் டிரெயில் வழியாக விளிம்பிலேயே மெதுவாக வந்தோம். மரங்களுக்கு நடுவில் மண்பாதை, பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீரின் சத்தம் மட்டும் மேலே வரும். தொங்குபாலத்தில் நின்று கீழே பார்த்தோம். காலையில் நாங்கள் போன பாதை கையகல நூலாகப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து பார்க்கும்போது கைப்பிடிச் சுவர் தனியாகத் தெரியவே இல்லை. பாறையின் விளிம்பு கொஞ்சம் தடித்திருப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

கீழே வந்து சேர்ந்தபோது நான்கு மணி. ஊரைவிட்டு வெளியே வந்து, மாண்டூர் ஃபால்ஸ் தாண்டும்வரை அப்பா பேசவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்தப் பசங்களுக்கு முப்பது டாலருன்னு சொன்னியே."

"ஆமாப்பா, மாசத்துக்கு."

"கையில குடுத்துருவாங்களா?"

"இல்லப்பா. அஞ்சு டாலர்தான் கையில. மீதி இருபத்தஞ்சையும் நேரா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அப்பா அம்மாவுக்கு."

"கவர்மென்ட்டே அனுப்பிருமா?"

"ஆமாப்பா."

"மாசா மாசம் போய்ச் சேந்துருமா?"

"சேந்துரும்ப்பா."

கொஞ்ச தூரம் போனோம். ஹார்ஸ்ஹெட்ஸ் பலகை வந்து போனது.

"கொல்லிமலையிலிருந்து நான் அனுப்பினா, உங்களுக்கு எத்தனாம் நாள் வரும்?" என்று கேட்டார்.

"அஞ்சாம் தேதிக்குள்ள வந்துரும்ப்பா" என்றேன். "அம்மா கதவுகிட்டயே நிப்பாங்க. போஸ்ட்மேன் சைக்கிள் சத்தம் கேட்டா நான்தான் முதல்ல ஓடுவேன்."

"அப்படியா" என்றார். அதுவரை அது அவருக்குத் தெரியாது.